அறுநூறில் நின்ற முள்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால், ஏதோ மறைத்தவன் போல ஆகிவிடும். துளிக் கோளாறும் இல்லாத ஒரு பம்பை, கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி, குன்னூரிலிருந்து கோயம்புத்தூருக்கு இரண்டு முறை இறக்கி இரண்டு முறை ஏற்றியவன் நான். முப்பது கிலோ இரும்பு. ஒரு தடவைக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஐம்பத்தாறு வளைவுகளை அந்தப் பம்பை முழங்காலில் சாய்த்துக்கொண்டு கடந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு தூரம் சுமந்ததில்லை. இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். பம்பு விவகாரம் வெளியே தெரிந்த மறுநாள் மனைவி அதைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் காலண்டரை மாட்டிவிட்டாள்.

எங்கள் யூனிட் குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவில், ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கினால் வரும் பழைய காளான் ஷெட்டில் இருக்கிறது. காளான் வளர்த்தவர் கைவிட்டுப் போன பிறகு, கோயம்புத்தூர் முதலாளி ஒருவர் அதை வாடகைக்குப் பிடித்தார். சுவரெல்லாம் குளிர் தாங்கும் பலகை, ஏசி அதிகம் ஓட வேண்டாம், பக்கத்தில் புழுதி ரோடு கிடையாது என்று அவருக்கு மூன்று காரணம். கழுவிக் கழுவிக் காளான் வாசனையைப் போக்கி, பெயின்ட் அடித்து, காற்றை வடிகட்டும் பெட்டிகளைக் கூரையில் பொருத்தி, தூசியில்லா அறை என்று போர்டு மாட்டினோம். ஆறு பேர் வேலை. நான் சூப்பர்வைசர். அதாவது, எல்லாரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

செய்வது பேட்டரி ஸ்கூட்டருக்கான திரை. முன்பெல்லாம் தட்டைத் திரை. தட்டைக் கண்ணாடியில் தட்டைத் திரையை ஒட்டுவது, நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவது மாதிரி. ரோலரை உருட்டிக் காற்றை ஓரமாகத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. பிறகு ஸ்கூட்டர்காரர்களுக்கு அழகுணர்ச்சி வந்துவிட்டது. கண்ணாடியை நாட்டு ஓடு மாதிரி வளைத்துவிட்டார்கள். அதன் குழிந்த பக்கத்தில், எக்ஸ்ரே பிலிமைவிட மெல்லிய, வளைகிற திரையை ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு பசைத் தாள், கண்ணுக்கே தெரியாத தெளிவு. குழிக்குள் ரோலர் போகாது. கையால் அமுக்கினால் திரை செத்துவிடும். கடுகளவு காற்று உள்ளே சிக்கினாலும் குமிழி. வண்டி ஓட்டுபவர் வேகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் குமிழியைப் பார்த்துக்கொண்டு போவார்.

ஆகவே இந்த வேலையைக் காற்றே இல்லாத பெட்டிக்குள் செய்கிறார்கள். அதற்கு ஒரு புது மிஷின் வந்தது. மூடியில் கண்ணாடியைப் பொருத்த வேண்டும். கீழே, அதே வளைவில் வார்த்த ரப்பர் மெத்தைமேல் திரையைப் படுக்க வைக்க வேண்டும். மூடியைச் சாத்தினால் பம்பு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சும். ஒரு வட்ட மீட்டரில் முள் ஏறும். முள் எழுநூறைத் தொட்டதும் பூட்டு விலகி, மெத்தை மெதுவாக எழும்பித் திரையை முதலில் நடுவில் தொட்டு, பிறகு ஓரம் ஓரமாக அணைத்துக் கண்ணாடியோடு சேர்க்கும். எழுநூறு வராவிட்டால் மெத்தை எழும்பாது. நீங்கள் கெஞ்சினாலும் எழும்பாது. நான் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

ஒட்டும் மேசையில் இருப்பவரை நாங்கள் எல்லாரும் அக்கா என்போம். என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனால் அவர் முகமூடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தால், யாருக்கும் அக்கா என்றுதான் வாயில் வரும். இங்கே வருவதற்கு முன் தேயிலை பேக்டரியில், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் இடத்தில் பதினோரு வருடம் இருந்தவர். அங்கே பஞ்சு மாதிரி தேயிலைத் தூசி பறந்துகொண்டே இருக்கும். அது அவருடைய நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு இழுக்கும், சிரித்தால் இருமல். டாக்டர் விட்டுவிடச் சொன்னார். விட்டுவிட்டு எங்கே போக? மலையில் ஒரு பெண்ணுக்கு வேலை என்றால் ஒன்று தேயிலைச் செடி, இல்லை தேயிலைத் தூள். எங்கள் ஷெட்டுக்கு வந்த முதல் வாரம், மத்தியானம் வெளியே வந்து சொன்னார்.

“உள்ள இருக்கறப்ப இருமவே இல்லீங்க சார். இந்த ரூமுக்குள்ள நெஞ்சு தொறந்துக்குதுங்க.”

அவர் கணவர் பிக்கப் வண்டி வைத்து, கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருகிறவர். மகள் பத்தாம் வகுப்பு. மலையை விட்டு இறங்குகிற குடும்பமில்லை.

புது மிஷின் வந்த அன்று தேங்காய் உடைத்து, பூ வைத்து, ஸ்விட்சைப் போட்டோம். முள் விறுவிறுவென்று ஏறியது. ஐந்நூறு, ஐந்நூற்றி ஐம்பது, அறுநூறு. அறுநூற்றி ஐந்தில் நின்றது. நின்றது என்றால், சின்னப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நிற்பது போல, இனி ஒரு அடி நகர மாட்டேன் என்று நின்றது. ஒரு மணி நேரம் ஓட விட்டோம். அறுநூற்றி ஐந்து.

கோயம்புத்தூர் தலைமை ஆபீசில் ஒரு மேனேஜர். என்னைவிட இளையவர், நல்ல படிப்பு, யாரையும் ஒருமையில் பேசாத மனிதர். போனில் கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னார்.

“எங்கியோ காத்து லீக் ஆகுதுங்க சார். தேடுங்க.”

தேடினேன். லீக் தேடுவதற்கு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது வழக்கம். நான் ஆறு பாக்கெட் சீயக்காய் ஷாம்பு கரைத்து, மிஷினைத் தலையிலிருந்து கால் வரை பூசினேன். பலன், அறை முழுக்கச் சீயக்காய் வாசனை. அக்கா வந்து பார்த்தார்.

“ஏனுங்க சார், மிஷினுக்குத் தலைக்கு ஊத்திட்டீங்களா? இன்னைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லீங்களே.”

எரிச்சலில் நான் அவர்மேல் பழியைப் போட்டேன். மூடி ரப்பரில் அவருடைய தலைமுடி ஏதாவது மாட்டியிருக்கும், அதன் வழியாகக் காற்று போகிறது என்றேன். அவர் தொப்பியைக் கொஞ்சமும் அசைக்காமல் சொன்னார்.

“என் முடி வலைக்குள்ள இருக்குதுங்க. உங்க முடி எங்க போச்சுன்னு நீங்கதான் தேடோணும்.”

என் தலையைப் பற்றி நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. இனியும் சொல்வதாக இல்லை.

நுரை ஓர் இடத்தில்கூட உள்ளே இழுபடவில்லை. ஆக, லீக் இல்லை. லீக் இல்லையென்றால் பம்பு. பம்பைக் கழற்றி, அக்காவின் கணவர் வண்டியில் கேரட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஏறினேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பஸ் பிடித்து, கோயம்புத்தூர் பம்புக் கடையில் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரர் பிளக்கைச் செருகி, தன் மீட்டரை மாட்டினார். டீ ஆறுவதற்குள் முள் எழுநூற்றி இருபதைத் தொட்டது.

“நல்ல பம்புங்க” என்றார். “கூட்டிட்டு வந்தவருக்குத்தான் ஒடம்பு செரியில்லாத மாதிரி தெரியுது.”

எனக்குக் காது இரண்டும் அடைத்திருந்தது. மலை இறங்கினால் எனக்கு எப்போதும் அப்படித்தான். கொட்டாவி விட்டால் டப்பென்று திறக்கும். அன்று கொட்டாவி விட்டு, காதைத் திறந்துகொண்டு, அவர் சொன்னதை மறுபடி ஒரு முறை சொல்லச் சொல்லித் திட்டு வாங்கினேன். இயற்கை என் தலையில் பக்கத்துக்கொரு மீட்டரை வைத்து அனுப்பியிருக்கிறது. நான் அவற்றைக் கொட்டாவியால் அணைத்துவிட்டு, கடைக்காரரின் மீட்டரை முறைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே கொண்டுவந்து மாட்டினேன். அறுநூற்றி ஐந்து.

மீட்டர்தான் கெட்டது என்று புது மீட்டர் வாங்கினேன். அறுநூற்றி ஐந்து. குழாயை மாற்றினேன். அறுநூற்றி ஐந்து. மறுபடி பம்பைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

“மறுக்கா ஆஸ்பத்திரிங்களா?” என்றார் அக்காவின் கணவர்.

“ஆமாங்க.”

“கீழ போனா நல்லாருக்குது, மேல வந்தா படுத்துக்குது. என் மச்சானும் இப்படித்தானுங்க. மலைக்கு வந்தாவே வேலை செய்ய மாட்டான்.”

நான் சிரித்தேன். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்பது தெரியாமல் சிரித்தேன். கீழே எழுநூற்றி இருபது. மேலே அறுநூற்றி ஐந்து.

நாலு வாரம் ஓடியது. ஒரு திரைகூட ஒட்டவில்லை. மேனேஜர் போன் செய்தார். வழக்கமான மரியாதை.

“சார், மலையில ஈரம், குளிரு, கரன்ட்டும் செரியில்ல. இந்த மாதிரி நுணுக்கமான வேலை அங்க ஆவாதுங்க. சனிக்கிழமை வண்டி அனுப்பறேன். மிஷினை ஏத்தி விட்டுடுங்க. இங்க வச்சுக்கறோம்.”

“இங்க இருக்கற ஆளுங்க?”

“தட்டை ஆர்டர் வந்தா பாக்கலாங்க” என்றார். தட்டை ஆர்டர் வருவது நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

உள்ளே போய்ச் சொன்னேன். மற்றவர்கள் கத்தினார்கள். அக்கா கண்ணாடி துடைக்கும் துணியை நாலாக மடித்தார்.

“பழைய பேக்டரியில கூப்பிட்டுட்டுத்தான் இருக்காங்க. சலிக்கற எடத்துல ஆள் இல்லியாமா.”

மழை வரும் போல இருக்கிறது என்று சொல்கிற குரல். அவ்வளவுதான். ஆனால் அந்த ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் அந்த இடத்தில் அவருடைய நெஞ்சு எத்தனை மாதம் தாங்கும் என்பது தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். நாலு வாரமாகப் பம்புமேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், அது பொய்க்கோபம். மலையில் ஆகாது என்றாரே, அந்த வார்த்தை. கீழே இருப்பவர்களுக்கு மலை என்றால் வர்க்கி, தைலம், தேயிலைத் தூள், தேனிலவு. வேலை என்று ஒன்று இங்கே நடக்கும் என்பதே அவர்களுக்குச் சந்தேகம். நானும் இந்த மலையில் பிறந்தவன். எனக்கு மட்டும் ஈரம் கிடையாதா, நான் வேலை செய்யவில்லையா என்று கேட்க நினைத்தேன். என் உதாரணம் வழக்குக்கு உதவாது என்பதால் கேட்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, டீ நேரம். அக்கா ரோட்டோரக் கடையிலிருந்து ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி வந்திருந்தார். எங்கள் ஊரில் சிப்ஸ் பாக்கெட்டுகள் எப்படித் தொங்கும் என்று பார்த்திருப்பீர்கள்: தலையணை மாதிரி, எப்போது வெடிப்பேன் என்று உப்பிக்கொண்டு. எங்களுக்குப் பிறந்ததிலிருந்து அதுதான் சிப்ஸ் பாக்கெட்டின் உருவம். அக்கா அதைப் பிரிக்காமல் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இது கோயம்புத்தூர்ல அடைச்சது. அங்க கடையில பாத்தா சப்பையா இருக்குது. இங்க வந்தா ஏன் உப்புது?”

“இங்க வெளிக்காத்து கம்மி. அமுக்கறதுக்கு ஆள் இல்ல. அதனால உள்ள இருக்கற காத்து நெஞ்ச நிமித்துது” என்றேன், டிப்ளமோ தோரணையில்.

“செரி. அந்த மீட்டர் முள்ளு உள்ள இருக்கற காத்த மட்டும் எண்ணுதுங்களா, இல்ல வெளிக்காத்தோட சேத்து வச்சு எண்ணுதுங்களா?”

வாயில் வைத்த டீயை விழுங்கவில்லை. அந்த முள் எண்ணுவது வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. இது முதல் வருடப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கீழே குடம் நிறையத் தண்ணீர். கவிழ்த்தால் ஒரு குடம் கொட்டும். மேலே குடத்தில் இருப்பதே முக்கால். அதைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டு, ஏன் ஒரு குடம் கொட்டவில்லை என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். பம்பு முதல் நாளிலேயே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டது. குன்னூரில் இருக்கிற காற்றே அவ்வளவுதான்.

“நாலு வாரங்க்கா” என்றேன்.

“சிப்ஸ் எடுத்துக்கங்க” என்றார்.

மேனேஜரிடம் வாயால் சொன்னால் எடுபடாது. அதனால் புதன்கிழமை பம்பு மூன்றாம் முறை மலை இறங்கியது. இந்த முறை நோயாளியாக அல்ல, சாட்சியாக. அக்கா லீவு போட்டுவிட்டு வந்தார். மீட்டரைக் குழாயோடு பம்பின் வாயிலேயே மாட்டிக்கொண்டோம். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் இறக்கிய கையோடு, ஒரு கமிஷன் கடையில் பிளக்கைச் செருகினோம். எழுநூற்றி இருபத்தாறு. அக்கா போனில் வீடியோ எடுத்தார். முள்ளோடு கடையின் சுவரையும் எடுங்கள், ஊர் தெரிய வேண்டும் என்றேன். “உங்க மூஞ்சி வேண்டாங்களா?” என்றார். வேண்டாம் என்றேன்.

திரும்பி ஏறும்போது பர்லியாரில் நிறுத்தினோம். பாதி மலை. டீக்கடைக்காரரிடம் கெஞ்சி, பஜ்ஜி அடுப்புக்குப் பக்கத்தில் பிளக் வாங்கினோம். மங்குஸ்தான் விற்கிற அம்மாக்கள் கூடையோடு வந்து சுற்றி நின்றார்கள். முள் அறுநூற்றி எண்பதில் நின்றது.

“என்ன டாக்டரு, பிரஷர் பாக்கறீங்களா?” என்றார் டீக்கடைக்காரர்.

“மலைக்குப் பாக்கறோமுங்க.”

“எப்படி இருக்குது?”

“ஏற ஏறக் கொறையுது.”

“ஏறுனா எனக்குக் கூடுதுங்களே” என்று அவர் பஜ்ஜியைத் திருப்பினார்.

குன்னூர் வந்து போட்டால், எதிர்பார்த்தபடி அறுநூற்றி ஐந்து. மூன்று வீடியோ. பம்பு ஒன்று, மீட்டர் ஒன்று, ஊர் மட்டும் மூன்று. அனுப்பிவிட்டு, நோபல் பரிசுக்குக் காத்திருப்பவன் மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

“வீடியோ பாத்தனுங்க சார். நீங்க சொல்றது செரி மாதிரிதான் இருக்குது. ஆனா மேனுவல்ல எழுநூறுன்னு இருக்குதுங்களே.”

“அந்த மேனுவல எழுதினவரு கடற்கரையில உக்காந்து எழுதியிருக்காருங்க. குன்னூர்ல இருக்கற காத்த முழுசா எடுத்தாலே அறுநூத்தி அஞ்சுதான். இல்லாத காத்த நான் எங்கிருந்து உறிஞ்ச?”

“பூட்டோட அளவ நம்ம மாத்தக் கூடாதுங்க. செவப்புப் பெயின்ட் சீல் இருக்குது. அதத் தொட்டா, ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு உங்களுது ஆயிரும்.”

“செரிங்க. என்னுது.”

“நான் தொடச் சொல்லலீங்க.”

“நீங்க சொல்லலீங்க. நான் தொடறேன்.”

போனை வைத்துவிட்டு, பேசியது வேறு யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எதிர்த்துப் பேசிய பெரிய மனிதர்கள் பட்டியலில் அதுவரை இருந்தது எங்கள் தெருநாய் மட்டும்தான். அதுவும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று.

வெள்ளிக்கிழமை காலை, சீல் போட்ட திருகின்மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். பெயின்ட் பொடிந்து விழுந்தது. ஐந்நூற்றித் தொண்ணூறில் பூட்டு விலகும்படி திருகை இறக்கினேன். மிஷின் பக்கவாட்டில், இன்ன அளவுக்கு மாற்றியிருக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். யாரோ செய்தார்கள் என்ற பேச்சுக்கே இடம் வேண்டாம்.

“சார், உங்க வேலை போயிருமுங்களா?” என்றார் அக்கா.

“போனா காளான் போடறேன். ஷெட்டு ரெடியா இருக்குது.”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தேயிலைத் தூளில் பொடி எது, இலை எது என்று பதினோரு வருடம் பார்த்த கண். நாங்கள் லென்ஸ் வைத்துத் தேடும் தூசியை அவர் சும்மாவே பார்ப்பார். பசைத் தாளின் ஒரு ஓரத்தை மட்டும் உரித்து, வளைவின் உச்சியில் தொட வைத்து, மறுபக்கம் வரை ஒரே மூச்சில் இறக்கினார். திரையை மெத்தையில் படுக்க வைத்து, ஓரக் குறிகளைச் சேர்த்தார். மூடி இறங்கியது. முள் ஏறியது. ஐந்நூற்றித் தொண்ணூறில் உள்ளே கிளிக் என்று ஒரு சத்தம்.

நாலு வாரமாக எழும்பாத மெத்தை எழும்பியது.

இருபது ஒட்டினோம். ஒட்டியதையெல்லாம் சூடும் அழுத்தமும் உள்ள உருளைக்குள் அரை மணி நேரம் வைத்து எடுத்து, ஒவ்வொன்றாக விளக்கு போட்டுப் பார்த்தோம். பதினெட்டில் ஒரு புள்ளி கிடையாது. மீதி இரண்டில் குமிழி. அந்த இரண்டும் நான் ஒட்டியவை. வரலாற்றில் என் பங்கும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு, அக்காவை நகர்த்திவிட்டு ஒட்டினேன். ஒன்றில் குமிழியோடு என் கட்டைவிரல் ரேகையும் இருந்தது. போலீஸில் கொடுத்தால் என்னைப் பிடித்துவிடலாம், அவ்வளவு தெளிவு.

சனிக்கிழமை வண்டி வந்தது. கூடவே மேனேஜரும் வந்தார். ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் போட்டு, ஏப்ரல் மாதத்தில். இறங்கியதும் நான் வணக்கம் சொன்னதற்கு அவர் தலையைச் சாய்த்தார்.

“கொஞ்சம் சத்தமா பேசுங்க சார். மலை ஏறினதுல காது அடைச்சிருக்குது.”

“அதேதானுங்க உங்க எழுநூறு” என்றேன் சத்தமாக. “உங்க காதுக்கே தெரிஞ்சிருச்சு. மேனுவலுக்குத்தான் இன்னும் தெரியல.”

அவர் உள்ளே வந்து, உடைந்த பெயின்ட் சீலைப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். பதினெட்டுத் திரைகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு நான் ஒட்டிய இரண்டையும் பார்த்துவிட்டு, “இது?” என்றார்.

“அது நான் ஒட்டினதுங்க. அதுக்கும் காத்துக்கும் சம்பந்தம் இல்ல.”

“இங்க நல்லாத்தான் இருக்குது. கீழ வெயில்ல குமிழி வரும்” என்றார். “மொதல்ல மிஷின ஏத்திருவோம். மத்தது அப்புறம் பேசிக்கலாங்க.”

“பதினெட்டையும் எடுத்துட்டுப் போங்க. அடுப்புல வையுங்க, வெயில்ல போடுங்க, என்ன வேணாப் பண்ணுங்க. மிஷின் போகாது.”

“சார், இது கம்பெனி முடிவு.”

“கம்பெனிக்குக் காது அடைச்சிருக்குது. தொறந்ததும் மாத்திக்குவாங்க.”

மிஷின் கால்கள் தரையில் நட்டுப் போட்டு இறுக்கியவை. அந்த நட்டுக்கு ஒரே ஒரு ஸ்பேனர்தான் சேரும். அதை நான் நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். போராட்டம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முக்கால் அடி இரும்பின்மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவனுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய போராட்டம் என்று. ஏற்றுவதற்கு வந்த நாலு பேரும் அக்காவின் கணவரோடு மண்டிக்குப் போகிறவர்கள். ஸ்பேனரைத் தேடச் சொன்னதும், டீக்கடையில் இருக்குமா என்று பார்க்கப் போனார்கள். ரொம்ப நேரம் தேடினார்கள்.

சாயங்காலப் பனி இறங்கத் தொடங்கியதும், மேனேஜர் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொண்டார் போல. திரைகள் இருந்த பெட்டியை மட்டும் அந்தப் பெரிய வண்டியில் ஏற்றச் சொன்னார். போகும்போது, “ஒரு வாரம் சூட்டுல வச்சுப் பாக்கறோம். ஒண்ணுல குமிழி வந்தாலும் மிஷின் எறங்கிரும். உங்க மேலயும் நடவடிக்கை எடுக்க வேண்டி வருமுங்க” என்றார். மரியாதை அப்போதும் குறையவில்லை.

அந்த ஒரு வாரத்தில் பழைய பேக்டரியிலிருந்து அக்காவுக்கு இரண்டு முறை போன் வந்தது. முதல் முறை ஒரு வாரம் பொறுங்கள் என்றார். இரண்டாம் முறை, வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று அவர்கள் சொன்னார்கள். அவர் சரி என்று வைத்துவிட்டு, ஒட்டுவதற்கு அனுமதி இல்லாத கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கினார். துடைத்ததையே மறுநாளும் துடைத்தார். ஐந்து நாளும் ஒரு தடவைகூட இருமவில்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது, போனில். பதினெட்டிலும் குமிழி இல்லை. குன்னூர் மிஷினின் பூட்டு அளவு ஐந்நூற்றித் தொண்ணூறு என்று அவரே கையெழுத்துப் போட்டு, மேனுவலில் ஒட்டுவதற்கு ஒரு தாளும் அனுப்பியிருந்தார். அதன்கீழே, அனுமதியில்லாமல் சீலை உடைத்ததற்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். இரண்டையும் பிரின்ட் போட்டேன். எச்சரிக்கைக் கடிதத்துக்குச் சட்டம் போடலாம் என்று இருக்கிறேன். சுவரில் ஆணிக்குத்தான் இடம் பார்க்க வேண்டும்.

தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா குனிந்து, ஒரு கண்ணாடியின் வளைவில் பசைத் தாளை இறக்கிக்கொண்டிருந்தார். எனக்குமுன் யாரோ செய்தியைச் சொல்லியிருக்க வேண்டும், மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சை விடுவதாக இல்லை. முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, அவர் மேசைமேல் சாய்ந்து, இந்த மலையை இனி யாரும் ஆகாது என்று சொல்ல முடியாது, மிஷின் எங்கேயும் போகாது, நீங்கள் அந்தத் தூசிக்குள் திரும்பிப் போக வேண்டியதில்லை, இதற்காக ஒருவன் தன் உத்தியோகத்தையே பணயம் வைத்தான் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தேன்.

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தள்ளி நில்லுங்க சார், எச்சி தெறிக்குது.”